முகமும் முகவரியும்

தமிழிலே முகம் என்னும் சொல்லிலிருந்து கிளைத்த சொற்கள் பல. வந்தவரை இன்சொல் கூறி வரவேற்பது முகமன். ஒருவரை மற்றவருக்குக் காட்டிவைப்பது அறிமுகம். மறுக்க விரும்பியும் மறுக்கமாட்டாமல் இணங்குவது முகத்தாட்சணியம். எதிரே நின்று அளவுக்கு மிஞ்சிப் புகழ்வது முகஸ்துதி. இன்ன ஊரில், இன்ன ஒழுங்கையில், இன்னாருடைய வீடு என்று கடித உறையின்மேல் எழுதும் வரிகளுக்கும் முகவரி என்றே பெயர் வழங்குகிறோம். அச்சொல்லை ஆக்கியவர் உறையின் முகத்தை மனத்திற் கொண்டிருப்பார். மனிதனுடைய முகமே அவனுக்கு முகவரியாகி, அவன் பெயரையும் ஊரையும் பழைய வழக்கையும் பிறருக்குச் சொல்லிவிடும் காலம் ஒன்று வரும் என்று அவர் எண்ணியிருக்க நியாயமில்லை. அக்காலம் வந்துவிட்டது. விமான நிலையத்திலும் சிறைச்சாலை வாயிலிலும் மட்டும் அது நின்றிருந்தால் நான் இதனை எழுதப் புகுந்திருக்கமாட்டேன். பாட்டுக் கேட்கப் போகும் இடத்திலும் அது வந்து நிற்கின்றது.

2018 ஆம் ஆண்டு மே மாதம் 18 ஆந் திகதி, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள ரோஸ் போல் என்னும் பெரிய விளையாட்டரங்கிலே டெய்லர் ஸ்விப்ட் என்ற பாடகியின் இசை நிகழ்ச்சி நடந்தது. உள்ளே ஓரிடத்தில் ஒரு காட்சிப் பெட்டி வைக்கப்பட்டிருந்தது. பாடகியின் ஒத்திகைக் காட்சிகள் அதில் ஓடிக்கொண்டிருந்தன. இரசிகர்கள் நின்று பார்த்தார்கள். அவர்கள் பெட்டியைப் பார்த்தபோது பெட்டியும் அவர்களைப் பார்த்தது. அதனுள் ஒரு கமரா மறைந்திருந்தது. அது எடுத்த முகப்படங்கள் வெகு தூரத்திலுள்ள நாஷ்வில் நகரத்து நிலையம் ஒன்றுக்குச் சென்று, பாடகியைப் பின்தொடர்ந்து தொல்லை கொடுப்போர் என்று அறியப்பட்டவர்களின் படங்களோடு ஒப்பிடப்பட்டன. இது நடந்து ஏழு மாதம் கழித்து, டிசம்பரில் ‘ரோலிங் ஸ்டோன்’ சஞ்சிகை எழுதிய பின்னரே, அன்று அங்கு நின்றவர்களுக்குச் சங்கதி தெரியவந்தது.

அந்தப் பாடகியைக் குறைகூற நான் விரும்பவில்லை. அவரைத் தேடி வீடு வரை வந்தவர்கள் உண்டு. அவருடைய அச்சம் மெய்யான அச்சம். ஆனால், காட்சிப் பெட்டி என்று காட்டி, கண்காணிப்புப் பெட்டியை வைத்தது எவ்வகையில் முறையாகும்? வாசலில் நின்று, “ஐயா, உமது முகத்தை ஒருமுறை பார்க்கவேண்டும்” என்று காவலாளி கேட்டால் அதில் ஒரு மரியாதை இருக்கிறது. விரும்பாதவன் திரும்பிப் போகலாம்.

அதே 2018 ஆம் ஆண்டு ஏப்ரலில், சீனாவின் நான்சாங் நகரிலே ஜாக்கி சியுங் என்ற ஹொங்கொங் பாடகரின் கச்சேரி. ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்ட சனம். பொருட்குற்றம் ஒன்றுக்காகத் தேடப்பட்ட முப்பத்தொரு வயது மனிதர் ஒருவர், மனைவியையும் அழைத்துக்கொண்டு தொண்ணூறு கிலோமீற்றர் கார் ஓட்டி வந்து தம் ஆசனத்தில் அமர்ந்திருந்தார். நுழைவாயிற் கமரா அவரை அடையாளங் கண்டது; பொலிஸார் வந்து அழைத்துப் போயினர். இத்தனை பெருங்கூட்டத்திலே தம்மைக் கண்டுகொள்வார்கள் என்று தாம் நினைக்கவில்லை என்றாராம் அவர். அதே பாடகரின் அடுத்தடுத்த கச்சேரிகளிலும் இவ்வாறு சிலர் அகப்பட்டனர்; அவர்களுள் ஒருவர் உருளைக்கிழங்கு திருடியவர். பாடகரைக் கள்வர் பிடிக்கும் தெய்வம் என்று சீனத்து மக்கள் வேடிக்கை செய்தார்களாம். எனக்கும் முதலிற் சிரிப்புத்தான் வந்தது. கள்வன் அகப்பட்டால் யாருக்குத்தான் வருத்தம்? பிறகுதான் ஒன்று தோன்றியது. ஒரு கள்வனைக் கண்டுபிடிப்பதற்கு அந்த இயந்திரம் ஐம்பதினாயிரம் பேருடைய முகத்தையும் அளந்திருக்கவேண்டும். அகப்பட்டவர் ஒருவர், அளக்கப்பட்டவர் அத்தனை பேரும்.

அளப்பது எப்படி என்று மாணவர்கள் கேட்பார்கள். இதில் இரண்டு வேலைகள் உள்ளன. அவற்றை ஒன்றென மயங்குவது கூடாது. படத்திலே ஒரு முகம் இருக்கிறதா, இருந்தால் எங்கே இருக்கிறது என்று காண்பது முதல் வேலை. இதனை முகங்காணல் எனலாம். நெற்றியைவிடக் கண்குழி இருண்டிருக்கும்; இரு கண்களுக்கும் நடுவே மூக்குத்தண்டு வெளுத்திருக்கும். இத்தகைய ஒளி இருள் வேறுபாடுகளைச் சிறுசிறு செவ்வகங்களாகப் பார்த்து, முகத்தை விரைவாகக் கண்டுகொள்ளும் முறை ஒன்றை வியோலா, ஜோன்ஸ் என்ற இருவர் 2001 ஆம் ஆண்டிலே வெளியிட்டனர். கைத்தொலைபேசியிற் படம் எடுக்கும்போது முகத்தைச் சுற்றி ஒரு சிறு கட்டம் தோன்றுகிறதே, அது இவ்வேலைதான். அது யாருடைய முகம் என்று அக்கட்டத்துக்குத் தெரியாது. திருவிழாவில் எத்தனை பேர் நிற்கிறார்கள், எந்த வாசலில் நெரிசல் மிகுகிறது என்று எண்ணுவதற்கு இது போதும். இதனால் எவருக்கும் பெரிய தீங்கில்லை.

இரண்டாவது வேலை முகமறிதல். கண்டெடுத்த முகத்தைக் கணினி எண்களின் வரிசையாக மாற்றிக்கொள்கிறது. ஒரு முகத்துக்கு நூற்றுக்கணக்கான எண்கள். ஒரே ஆளின் இரு படங்களிலிருந்து வரும் எண்கள் ஒன்றுக்கொன்று அணித்தாகவும், வேறாளுடையவை தூரமாகவும் இருக்கும்படி அதனைப் பழக்குகிறார்கள். பின்னர், தேடப்படுவோர் பட்டியலில் உள்ள எண்களோடு ஒப்பிட்டு, எவ்வளவு அணித்தாக இருந்தால் ‘இவர்தான்’ என்று சொல்வது என்பதற்கு ஓர் எல்லை வைக்கிறார்கள். எல்லையை இறுக்கினால் குற்றவாளி தப்புவான். தளர்த்தினால் குற்றமற்றவன் அகப்படுவான். அந்த எல்லையை வைப்பவன் மனிதன். இந்த முயற்சி நேற்று முளைத்ததுமன்று. 1960களிலேயே அமெரிக்காவில் உட்றோ பிளெட்சோ என்ற அறிஞர், புகைப்படங்களில் கண்ணுக்கும் வாய்க்கும் இடையிலான தூரங்களை மனிதரைக் கொண்டு குறிப்பித்துக் கணினியால் ஒப்பிட்டுப் பார்த்தார். 2001 ஆம் ஆண்டு தம்பா நகரிலே பெரும் அமெரிக்க உதைபந்தாட்டப் போட்டி ஒன்றுக்கு வந்தோரின் முகங்கள் அவர்கள் அறியாமல் ஒப்பிடப்பட்டு, பத்தொன்பது பேர் சிறு குற்றங்களுக்கு ஆளானவர்கள் என்று இயந்திரம் சொன்னது. எவரும் கைது செய்யப்படவில்லை.

கணித ஆசிரியர்கள் வகுப்பிலே கொடுக்கத்தக்க கணக்கு ஒன்று. கச்சேரிக்கு வந்தவர் ஐம்பதினாயிரம். இயந்திரம் ஆயிரம் பேரில் ஒருவரைத்தான் தவறாகப் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். கூட்டத்தில் உண்மையாகத் தேடப்படுவோர் இருவர். இருவரையும் அது பிடித்துவிட்டது. அப்படியானால் அன்றிரவு தடுத்து நிறுத்தப்பட்டவர் ஐம்பத்திருவர். அவர்களுள் ஐம்பது பேர் பாட்டுக் கேட்கவந்த பாவப்பட்டவர்கள். ‘ஆயிரத்தில் ஒன்று’ என்பது விளம்பரத்தில் மிகச் சிறிய எண்ணாகத் தெரியும். இது வெறுங் கற்பனைக் கணக்கன்று. 2017 ஜூனில், பிரித்தானியாவின் கார்டிவ் நகரத்திலே ஐரோப்பிய உதைபந்தாட்ட இறுதிப் போட்டி நடந்தபோது, தென் வேல்ஸ் பொலிஸாரின் கருவி 2,470 முறை ‘இவர்தான்’ என்று கூவியது. அவற்றுள் 2,297 பிழை. பட்டியலுக்காகத் தமக்குத் தரப்பட்ட படங்கள் தரங்குறைந்தவை என்றும், பிழையால் எவரையும் கைது செய்யவில்லை என்றும் பொலிஸார் விளக்கம் கூறினர். இன்றைய கருவிகள் அன்றையவற்றிலும் மிகத் திருந்தியவை என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். அதே நகரத்தில் 2023 மே மாதம் பியோன்சே என்ற பாடகியின் கச்சேரிக்கு வந்தோரையும் அப்பொலிஸார் இவ்வாறே பார்த்தனர்.

நிறத்தின் கதை வேறு. 2018 இல் ஜோய் புவோலாம்வினி, திம்னிற் கெப்ரு என்னும் ஆராய்ச்சியாளர் இருவர், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று கூறும் மென்பொருள்களைச் சோதித்தனர். வெள்ளை நிறத்து ஆண்களில் பிழை நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு; கருநிறப் பெண்களிலோ ஒரு கருவிக்கு நூற்றுக்கு முப்பத்துநாலுக்கு மேல். அடுத்த ஆண்டு அமெரிக்க அரசின் அளவை நிறுவனம் பல மென்பொருள்களை ஆராய்ந்து, அவற்றுட் பல ஆசியரையும் ஆபிரிக்கரையும் ஒருவரை மற்றவராக மயங்குவது வெள்ளையரைவிடப் பத்து மடங்கு முதல் நூறு மடங்குவரை மிகுதி என்று கண்டது. நம்முடைய முகங்கள் எப்பக்கத்தில் நிற்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அதிலும் இரவு, வண்ண விளக்கு, நெற்றியில் மூன்று விரற் திருநீறு!

இந்த நாட்டிலேயே ஒரு முகம் மாறிப்போன கதை உண்டு. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பின் பொலிஸார் சந்தேக நபர்கள் அறுவரின் படங்களை வெளியிட்டார்கள். அவற்றுள் ஒன்று அமெரிக்காவிலே பல்கலைக்கழகத்திற் படித்துக்கொண்டிருந்த, இலங்கைப் பெற்றோருக்குப் பிறந்த முஸ்லிம் மாணவி ஒருத்தியின் படம். முகமறியும் மென்பொருளே பிழைத்தது என்று அப்போது செய்தி வந்தது. பொலிஸார் பிழையை ஏற்று வருத்தம் தெரிவித்தனர். அதற்குள் அந்தப் பிள்ளைக்குக் கொலை மிரட்டல்கள் வந்து குவிந்துவிட்டன. அவள் அப்போது இலங்கையிலே தெருவில் நடந்துகொண்டிருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

நம் பக்கத்தவர்க்கு இதனைச் சொல்லி விளங்கவைக்கவேண்டியதில்லை. போர்க்காலத்துச் சுற்றிவளைப்புகளைக் கண்டவர்கள் தீவகத்திலும் வலிகாமத்திலும் இன்னும் பலர் இருக்கிறார்கள். விடியற்காலையில் ஒலிபெருக்கி அழைக்கும். கோயில் வீதியிலோ பள்ளிக்கூட மைதானத்திலோ ஆண்கள் எல்லாரும் வந்து குந்தியிருக்கவேண்டும். பிறகு ஒவ்வொருவராக எழுந்து வரிசையில் நடக்கவேண்டும். எதிரே ஒருவன் உட்கார்ந்திருப்பான். தலையிலிருந்து சாக்கினால் மூடியிருக்கும். கண்ணுக்கு இரண்டு துவாரம். அவன் பேசமாட்டான். தலை அசைந்தால் ஒரு பக்கம், அசையாவிட்டால் மறுபக்கம். தலையாட்டி என்று சனங்கள் அவனுக்குப் பெயர் வைத்தார்கள். நானும் அந்த வரிசையில் நடந்தவன். என்னை அச்சுறுத்தியது துவக்குகள் அல்ல. அந்தத் துவாரங்களுக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்ப்பவன் யார், அவன் என்னை எங்கே கண்டான், என்மேல் அவனுக்கு என்ன கோபம், என்னை எவரென்று மயங்குகிறான் என்பவை எனக்குத் தெரியாமல் இருந்தமைதான். அவன் என் முகத்தைப் பார்க்கலாம். நான் அவன் முகத்தைப் பார்க்க முடியாது. எல்லாக் கொடுமையும் அந்த ஏற்றத்தாழ்வில் அடங்கியிருந்தது.

முகமறியும் கமராவைத் தலையாட்டியோடு ஒப்பிடுவது மிகை என்று சிலர் சொல்லலாம். துவக்கு இல்லை, சாக்கு இல்லை, குளிரூட்டிய அறையிலே ஒரு கணினி இருக்கிறது என்பது உண்மையே. ஆயினும் கேள்விகள் மாறவில்லை. என்னைப் பார்ப்பது யார்? எந்தப் பட்டியலோடு ஒப்பிடுகிறார்? அந்தப் பட்டியலில் என் பெயரைச் சேர்த்தவர் யார்? தலை அசைந்தது பிழையென்றால் நான் யாரிடம் போவது?

ஊர்ப் பெரியவர் ஒருவரோடு இதுபற்றி வாதிட்டேன். அவர் சிரித்தார். “காரைநகரில் ஆருக்கு ஆரைத் தெரியாது, மாஸ்டர்? பொன்னாலைப் பாலம் கடந்து உள்ளுக்கு வந்தவனை நாலு பேர் விசாரிக்காமல் விடுவினமோ? மார்கழித் திருவாதிரைக்குத் திண்ணபுரத்துச் சிவன்கோயில் வீதியிலை நிண்டால், இவன் இன்னாற்றை பேரன், இவள் இன்னாற்றை மருமோள் எண்டு சொல்லாத ஆள் உண்டோ? எங்களுக்கென்ன மறைவு?” என்றார். நல்ல கேள்வி. பட்டினத்து அறிஞர்கள் எழுதும் நூல்களிலே இக்கேள்விக்கு விடை கிடைப்பது அரிது. ஏனெனில் அவர்கள் அயலவனைத் தெரியாத நகரங்களிலிருந்து எழுதுகிறார்கள்.

நான் அவருக்குச் சொன்னது இது. ஊர் என்னை அறிகிறது. நானும் ஊரை அறிவேன். என்னை இன்னாருடைய பேரன் என்று சொல்பவர் யாருடைய பேரன் என்று எனக்கும் தெரியும். அவர் என்னைப்பற்றி ஒன்று சொன்னால், அவரைப்பற்றிச் சொல்ல எனக்கும் நாலு உண்டு. ஊர்க்கண் வம்பு பேசும். ஆனால் மறக்கவும் செய்யும். இளமையில் ஒருவன் செய்த குறும்பைப் பத்தாண்டு கழித்துச் சிரித்துக்கொண்டு சொல்லும்; இருபதாண்டு கழித்து அதுவும் போய்விடும். அந்த அறிவுக்கு ஓர் எல்லையும் இருந்தது. ஈழத்துச் சிதம்பரத்துத் தேர்முட்டியடியில் நான் யாரோடு நின்று பேசினேன் என்பது ஊர்காவற்றுறைக்குப் பாதை ஏறிப் போகுமுன் பழங்கதையாகிவிடும். இயந்திரத்துக்கு இந்த மறதி இல்லை, எல்லையும் இல்லை. அது அறியும், அதனை நான் அறியேன்.

மறைவு என்பதை ஒளிப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. குற்றம் செய்யாதவனுக்குப் பயம் எதற்கு என்பார்கள். கச்சேரியில் இருக்கும் மனிதனை அவர்கள் நன்றாகப் பார்த்ததில்லை போலும். பள்ளிக்கூடத்தில் சிரிக்காத அதிபர் நாதசுரத்துக்குத் தலையசைத்துக் கண்மூடிக் கிடப்பார். கணவனை இழந்த அம்மையார் ஒருவர் பழைய பாட்டொன்றுக்குச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைப்பார். பையன்கள் ஆடுவார்கள். கூட்டம் இவர்களையெல்லாம் ஒரு போர்வைபோல மூடிக்கொள்கிறது. ஒருவரும் ஒருவரையும் பார்ப்பதில்லை. எல்லாரும் மேடையைப் பார்க்கிறார்கள். மேடை திரும்பி நம்மைப் பார்க்கத் தொடங்கினால் அந்த அதிபர் அடுத்தமுறை நிமிர்ந்து உட்காருவார்.

2022 ஆம் ஆண்டின் இறுதியில் நியூயோர்க்கில் நடந்த ஒன்று இதிலும் கவனிக்கத்தக்கது. பெண் சட்டத்தரணி ஒருவர் தம் மகளையும் சாரணச் சிறுமியரையும் அழைத்துக்கொண்டு, ரேடியோ சிற்றி மண்டபத்தில் நத்தார்கால நிகழ்ச்சி பார்க்கச் சென்றார். வாயிற் கமரா அவரை அறிந்தது. அவர் வேலைசெய்யும் சட்ட நிறுவனம், மண்டபத்தை நடத்தும் மடிசன் சதுக்கத் தோட்டக் கம்பனியின் தொடர்புடைய உணவகம் ஒன்றுக்கு எதிராக வழக்காடிக்கொண்டிருந்தது. அவருக்கு அந்த வழக்கிற் பங்கே இல்லை. ஆயினும் வெளியேற்றப்பட்டார், பிள்ளைகள் உள்ளே இருந்து பார்க்க, தாய் வெளியே காத்திருந்தார். முகமறியும் கருவி இருக்கிறது என்று வாசலில் அறிவித்தல் வைக்கப்பட்டிருந்தது. நகரச் சட்டமும் அதைத்தான் கேட்கிறது. இங்கே இயந்திரம் பிழைவிடவில்லை என்பதைக் காண்க. அது சரியாகவே அறிந்தது. கள்வனைப் பிடிக்க வைத்த பொறி, முதலாளிக்குப் பிடிக்காதவரைப் பிடித்தது. கருவி திருந்தத் திருந்த இந்த ஆபத்துப் பெருகுமேயன்றிக் குறையாது.

டில்லியிலும் இப்படித்தான். காணாமற்போன குழந்தைகளைத் தேடுவதற்கென்று அந்நகரப் பொலிஸார் 2018 இல் இத்தகைய மென்பொருளை மேற்கொண்டனர். நல்ல நோக்கம். அக்கருவி ஆண்பிள்ளை பெண்பிள்ளை என்ற வேறுபாட்டையும் சரியாகக் காணவில்லை என்று 2019 ஓகஸ்டில் மத்திய அரசே நீதிமன்றத்திற் கூறியது. அதே ஆண்டு டிசம்பரில் ராம்லீலா மைதானத்தில் பிரதமர் பேசிய பொதுக்கூட்டத்துக்கு வந்தோரை அறிவதற்கு அதே மென்பொருள் பயன்படுத்தப்பட்டது எனப் பத்திரிகைகள் எழுதின. குழந்தையைத் தேடப் போன கண் கூட்டத்தைத் தேடியது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்தான், 2017 ஓகஸ்ட் 24 இல், இந்திய உயர் நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்கள் கூடி, மறைவுரிமை அடிப்படை உரிமை என்று ஏகமனதாகத் தீர்ப்பளித்திருந்தனர்.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 2017 மே 22 இல் மான்செஸ்டர் நகரிலே அரியானா கிராண்டே என்ற பாடகியின் கச்சேரி முடிந்து சனங்கள் வெளியேறும்போது குண்டு வெடித்து இருபத்திரண்டு பேர் மாண்டனர். அவர்களுட் பலர் சிறுவர் சிறுமியர். பிள்ளையைப் பாட்டுக் கேட்க அனுப்பிவிட்டு வீட்டில் இருக்கும் தாயிடம் போய் மறைவுரிமை பேச எனக்கு வாய் எழாது. ஆனால் அந்நிகழ்வை விசாரித்த ஆணையம் 2021 இல் கண்டது என்ன? குண்டோடு காத்திருந்தவனைப் பிள்ளையை அழைக்க வந்த தகப்பன் ஒருவர் கண்டு ஐயுற்றுக் காவலாளியிடம் சொல்லியிருந்தார். சொன்னது மேலிடத்துக்குப் போய்ச் சேரவில்லை. அங்கே கண் இருந்தது, காதுதான் இல்லாமற்போயிற்று.

நம் யாழ்ப்பாணத்துக்கு வருவோம். 2024 பெப்ரவரி 9 ஆந் திகதி முற்றவெளி மைதானத்திலே பாடகர் ஹரிஹரனின் இசை நிகழ்ச்சி நடந்தது. சினிமா நடிகர் நடிகையரும் வந்திருந்தனர். கூட்டம் தடுப்புகளைத் தாண்டி மேடைப் பக்கம் நெருக்கியதால் நிகழ்ச்சி இடையிலே தடைப்பட்டது. பிறகு பல வாரம் நம் பத்திரிகைகளிலும் சந்தி வாங்கில்களிலும் இதே பேச்சு. அப்படியான நாட்களிலே, ‘கமரா வைத்து ஆளை ஆள் பிடிக்கவேண்டும்’ என்ற குரல் எளிதாக எழும். அன்று அங்கே குறைந்தது என்ன என்று ஆற அமர யோசித்தால், அகலமான வழிகள், உறுதியான தடுப்பு, இடத்துக்குத் தக்க எண்ணிக்கை, பழகிய தொண்டர்கள் என்றே விடை வரும். இவற்றுள் எதற்கும் என் பெயரை இயந்திரம் அறியத் தேவையில்லை. தலையை எண்ணினாற் போதும்.

பிற நாட்டு இசைஞர்கள் வாளாவிருக்கவில்லை. 2015 இல் இங்கிலாந்தின் ‘டவுன்லோட்’ இசைவிழாவுக்கு வந்த ஏறத்தாழத் தொண்ணூறாயிரம் பேரின் முகங்களை லெஸ்ரர்ஷயர் பொலிஸார் பார்த்த செய்தி, பொலிஸ்துறைக்கென நடக்கும் வெளியீடொன்றில் வந்ததனால்தான் வெளிப்பட்டது. 2019 இல் அமெரிக்காவிலே நாற்பதுக்கு மேற்பட்ட இசைவிழாக்கள் இக்கருவியைப் பயன்படுத்தமாட்டோம் என்று வாக்களித்தன. 2023 இல் நூற்றுக்கு மேற்பட்ட கலைஞர்கள், இது வைத்திருக்கும் அரங்குகளிற் பாடுவதில்லை என்று கையெழுத்திட்டனர். கித்தார்க் கலைஞர் ரொம் மொரெல்லோ அவர்களுள் ஒருவர். ஐரோப்பிய ஒன்றியத்திலே 2025 பெப்ரவரி முதல், பொது இடங்களில் நேரலையாக முகமறிவதைப் பொலிஸாருக்கும் தடைசெய்து, கடுங்குற்றம் முதலிய சில விலக்குகள் மட்டும் வைத்திருக்கிறார்கள். இலங்கையிலும் சட்டம் உண்டு. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், முகம் கைரேகை போன்ற உடலளவுத் தரவுகளை விசேட வகையிற் சேர்த்திருக்கிறது. அதன் முக்கியப் பகுதிகள் 2025 மார்ச்சிலே நடைமுறைக்கு வருவதாயிருந்து, பின்போடப்பட்டன. நம் நாட்டிற் சட்டங்கள் தேர்போல. கட்டி முடித்த பின்பும் இழுப்பதற்கு ஆட்கள் வேண்டும்.

பெரிய அரங்குகளையும் பெரும் பாடகர்களையும் பற்றிப் படிக்கும் அன்பர்கள், இதெல்லாம் கடலுக்கு அப்பாலுள்ள கதை என்று எண்ணக்கூடும். சென்ற ஆண்டு எங்கள் பக்கத்து மைதானம் ஒன்றில் ஓர் இசை இரவு நடந்தது. புலம்பெயர்ந்தோர் பணம் உதவியிருந்தனர். வானத்தில் ஒரு கமரா, தரையில் நாலு கமரா. மறுநாள் படப்பிடிப்பாளர் எல்லாருடைய கைத்தொலைபேசிக்கும் ஒரு கியூ.ஆர். குறியை அனுப்பினார். அதனைத் திறந்து நம் முகத்தை ஒரு செல்பி எடுத்து அனுப்பினால், அன்று எடுத்த ஆயிரக்கணக்கான படங்களிலே நாம் இருப்பவை எல்லாம் ஒரு நிமிடத்தில் வந்துவிடும். கலியாண வீடுகளிலும் இப்போது இது பெருவழக்கு. ஊர் முழுவதும் மகிழ்ந்தது. எங்கோ பின்வரிசையில் கோழித்தூக்கம் போட்ட என்னுடைய படங்களும் ஏழெட்டு வந்தன.

அயல்வீட்டுப் பெண்ணும் அனுப்பினாள். பல்கலைக்கழகத்திற் படிப்பவள். அவளுக்குக் கனடாவிலிருந்து ஒரு சம்பந்தம் பேசி, சாதகமும் பொருந்தி, படமும் அனுப்பியாகியிருந்தது. இரண்டு வாரம் கழித்து அங்கிருந்து மாப்பிள்ளையின் தமக்கை தொலைபேசியிற் கேட்டாராம்: “மூண்டாம் வரிசையிலை பிள்ளைக்குப் பக்கத்திலை சிரிச்சுக்கொண்டு நிக்கிற பெடியன் ஆர்?” தகப்பனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் தெரிந்தது. அந்தக் குறி கைமாறிக் கைமாறி ரொறன்ரோவுக்கும் போயிருக்கிறது. அனுப்பும் முகம் அனுப்புபவருடைய முகந்தானா என்று அந்த இயந்திரம் கேட்பதில்லை. சாதகத்தோடு போன படத்தைக் காட்டி, அவள் இருந்த அத்தனை படங்களையும் அங்கே பெற்றுக்கொண்டார்கள். பக்கத்தில் நின்றவன் அவளோடு ஒரே பிரிவிற் படிப்பவன்; பாட்டுக்குச் சிரித்தவன். சம்பந்தப் பேச்சு அந்தளவில் நின்றுபோயிற்று. அது நின்றதில் அவளுக்கு வருத்தமில்லை. “நான் பாட்டுக் கேக்கத்தானே போனனான், மாமா. சாட்சி சொல்லப் போனனானோ?” என்றுமட்டும் கேட்டாள். அதன் பிறகு ஊரில் நடந்த ஒரு கலைவிழாவுக்கும் அவள் வரவில்லை.

இவ்வாண்டு விழாக்குழு கூடியபோது நானும் போயிருந்தேன். ஒலியமைப்பு, மேடை, குளிர்பானக் கடை எல்லாம் பேசி முடிந்தபின், படப்பிடிப்பாளரிடம் மூன்று கேள்விகள் கேட்டேன். முகங்களின் எண்கள் எந்த நாட்டில், எவரிடம் இருக்கின்றன? சென்ற ஆண்டுப் படத்தொகுப்பு அழிக்கப்பட்டுவிட்டதா, இன்னும் திறக்கிறதா? தம் முகத்தை இயந்திரம் தேடவேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அவரை விலக்க வழியுண்டா? அவர் நல்ல பிள்ளை; என்னிடம் படித்தவர். கைத்தொலைபேசியை எடுத்துச் சென்ற ஆண்டுக் குறியை அழுத்திப் பார்த்தார். அது திறந்தது. மற்ற இரண்டுக்கும் கொம்பனிக்காரரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். குழுத் தலைவர் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். அடுத்த கூட்டம் வரும் ஞாயிற்றுக்கிழமை.